பெட்டியில் வரும் கிச்சன்: ஷட்டரை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

கடையில் மாதிரிக்கு நிறுத்தி வைத்திருக்கும் மாடுலர் கிச்சன் முன்னால் போய் நின்றால் எல்லோர் கையும் முதலில் போவது ஷட்டர், அதாவது அலமாரிக் கதவு மேல்தான். பளபளப்பு வேண்டுமா, மேட் போதுமா, கைப்பிடி வெளியே தெரியலாமா என்று அதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். ஆனால் ஷட்டர் கெட்டால் கீலில் நாலு திருகைத் தளர்த்தி மாற்றிவிடலாம். மாற்றவே முடியாமல் கெடுவது சிங்க்குக்கு அடியில் இருக்கும் பெட்டியின் அடிப்பலகை. தினமும் நம் பொறுமையைச் சோதிப்பது டிராயர் ஓடும் தடமான சேனல். மாதிரிக் கிச்சனில் இந்த இரண்டும் கண்ணில் படாது. அங்கே சிங்க்கில் தண்ணீரே ஓடுவதில்லை, டிராயர்களில் பாத்திரமும் இருப்பதில்லை.

இங்கே அலசுவது, பலகைகளாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரிக் கிட். பட்ஜெட்டில் சமையலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆள் வைத்து அளவெடுத்துச் செய்வதைவிட இது மலிவாக இருப்பதற்குப் பலகை மட்டமானது என்பது காரணமல்ல. அளவெடுத்துச் செய்பவர்களிலும் பலர் அதே பலகையைத்தான் வாங்குகிறார்கள். வெட்டுவது, துளை போடுவது, விளிம்பு ஒட்டுவது மூன்றையும் எந்திரம் மொத்தமாகச் செய்கிறது, பூட்டும் கூலி நம் தலையில். ஆகவே கிட்டின் தரம் என்பது அந்தத் துளையும் விளிம்பும்தான். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

60 செ.மீ அகலக் கீழ்ப்பெட்டி ஒன்றைப் பிரித்தால் உள்ளே இருக்க வேண்டியவை: பக்கப்பலகை 2, அடிப்பலகை 1, மேலே முன்னும் பின்னுமாகக் குறுக்குப் பட்டை 2, தட்டு ஒன்றோ இரண்டோ, பின்பலகை, உயரம் கூட்டிக் குறைக்கும் கால் 4, கீல் 2, 8 மி.மீ மர முளைகள், சுற்றிப் பூட்டும் கேம்கள் (ஒரு பலகையின் குழியில் உட்கார்ந்து, அடுத்த பலகையின் ஆணியைக் கவ்வி இழுக்கும் வட்டப் பூட்டு). பின்பலகையைத் தடவிப் பாருங்கள். 3 மி.மீ ஹார்டுபோர்டு என்றால் அது சும்மா ஒரு திரை. 8 மி.மீ என்றால் அது பெட்டியைத் தாங்கும் உறுப்பு. கீழ்ப்பெட்டிக்கு 3 மி.மீ போதும். சுவரில் தொங்கும் மேல்பெட்டிக்கு அது போதாது.

பலகையில் 16 மி.மீ, 18 மி.மீ என்று இரண்டு வரும். 2 மி.மீ-இல் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் கனமாக (தடிமன் × தடிமன் × தடிமன்) கூடுகிறது. கணக்குப் போட்டால் 18 மி.மீ பலகை 16-ஐவிட ஏறத்தாழ 40 சதவீதம் விறைப்பு. அதைவிட முக்கியம் அகலம். 60 செ.மீ தட்டிலும் 90 செ.மீ தட்டிலும் பாத்திரங்களை ஒரே நெருக்கத்தில் அடுக்கினால், 90-இன் நடுத்தொய்வு ஐந்து மடங்கு. போதாததற்கு, மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த இந்தப் பார்ட்டிகிள் போர்டு பாரம் ஏறிய நாளோடு தொய்வதை நிறுத்தாது, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். தட்டு வைத்த பெட்டியை 60-க்கு மேல் எடுக்காதீர்கள். 80 வேண்டும் என்றால் டிராயராக எடுங்கள்.

இப்போது விளிம்பு. இந்தக் கிட்டின் ஆயுள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மெலமைன் பூசிய பலகையின் பரப்பில் தண்ணீர் இறங்காது. ஈரத்துணியால் தினம் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. நீர் ஏறுவது வெட்டுவாயில், அதாவது தூளும் பசையும் அப்படியே தெரியும் பக்கத்தில். உள்ளே போன நீர் அழுத்தி வைத்த தூளை உப்பச் செய்யும். காய்ந்த பிறகும் அந்த உப்பல் இறங்காது. ஒருமுறை புடைத்த பலகை புடைத்ததுதான், திருகும் அதில் பிடிக்காது. அதனால் முன்விளிம்பில் மட்டும் பட்டை ஒட்டி மற்ற மூன்று பக்கத்தையும் மொட்டையாக விட்ட பலகை சிங்க் பெட்டிக்கு ஆகாது. மாதிரிப் பெட்டியின் ஷட்டரைத் திறந்து, அடிப்பலகையின் பின்விளிம்பைக் குனிந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ஒட்டியிருக்கும் பட்டையிலும் வித்தியாசம் உண்டு. 0.4 மி.மீ பட்டை பார்வைக்கு மட்டும்; பாத்திரம் இடித்தால் மூலை பெயர்ந்துவிடும். ஷட்டருக்கும் டிராயர் முகப்புக்கும் 1 மி.மீ-யாவது வேண்டும், 2 மி.மீ கிடைத்தால் நல்லது. ஒட்டிய பசை சாதாரண சூட்டுப்பசை என்றால் சூட்டிலேயே இளகும். ஓவனுக்குப் பக்கத்திலும், ஆவி வரும் டிஷ்வாஷருக்கு மேலும் பட்டை உரிவது பெரும்பாலும் அதனால்தான். பியுஆர் எனப்படும் பாலியூரித்தேன் பசையில் ஒட்டியது சூடும் ஈரமும் தாங்கும். விவரத்தாளில் அது எழுதியிருந்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. எழுதியில்லை என்றால் நகத்தால் பட்டையின் முனையை நெம்பிப் பாருங்கள். பலகைக்கும் பட்டைக்கும் நடுவே கருத்த கோடாகப் பசை தெரிந்தால் வேலை சுத்தமில்லை.

பச்சைப் பலகை என்று ஒன்றைக் காட்டுவார்கள், ஈரம் தாங்கும் என்று. ஈரம் தாங்கும் பலகை உண்மையிலேயே தனி வகைதான், பசை வேறு. ஆனால் பச்சை என்பது அடையாளத்துக்குப் போட்ட சாயம். நிறம் எதையும் நிரூபிக்காது, தரக்குறிப்புதான் நிரூபிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். தடிமனை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி அளந்தால் போதும். இரண்டு வகையிலும் துண்டு வாங்கி ஒரே வாளியில் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஈரம் தாங்கும் பலகையும் குளிக்கத் தயாரானது அல்ல என்பதும் சேர்த்துத் தெரியும்.

கீலுக்கு வருவோம். ஷட்டரில் 35 மி.மீ விட்டமுள்ள கிண்ணக்குழி, பெட்டியின் உட்பக்கத்தில் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ தள்ளி, 32 மி.மீ இடைவெளியில் 5 மி.மீ துளைகளின் வரிசை. இந்த நான்கு எண்களும் ஒத்துவந்தால் அந்தப் பெட்டி உலகத்தோடு ஒத்துப்போகும் பெட்டி. பத்து வருடம் கழித்துக் கீல் போனாலும் புளும், ஹெட்டிக், ஹாஃபலே என்று எதை வேண்டுமானாலும் வாங்கிப் பூட்டலாம். தனக்கென்று தனி அளவு வைத்திருக்கும் கிட் என்றால் அந்த நிறுவனம் இருக்கும் வரைதான் உதிரிபாகம். ஐகியா பல ஆண்டுகள் விற்ற ஃபாக்டம் வரிசையில் கீழ்ப்பெட்டி 70 செ.மீ உயரம். அதற்குப் பதிலாக வந்த மெட்டோட் 80 செ.மீ. பெட்டி நன்றாகவே இருந்தும் புதுக் கதவு பொருந்தாமல் பழைய வரிசைக்காரர்கள் வெளியே தேட வேண்டியதாயிற்று. மற்றபடி மெட்டோட் இந்த வகையில் நன்கு யோசித்துச் செய்த ஒன்று. 20, 30, 40, 60, 80 என்று அகலங்கள், மேல்பெட்டியைச் சுவரில் அடித்த இரும்புப் பட்டையில் மாட்டும் வசதி. மற்றக் கிட்டுகளை ஒப்பிட அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கீலின் எண்ணிக்கை: 90 செ.மீ உயரம் வரை 2, அதற்கு மேல் 160 வரை 3, இரண்டு மீட்டர் ஷட்டருக்கு 4. மெதுவாக மூடும் வசதி எல்லாக் கதவுக்கும் தேவையில்லை. மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் மேல்பெட்டிக்கு எதற்கு? அந்தப் பணத்தை டிராயருக்குப் போடுங்கள்.

டிராயர் விஷயத்தில் கிட் விற்பவர்கள் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 80 செ.மீ இடத்தில் 40, 40 என்று இரண்டு பெட்டி வைப்பதா, ஒரே 80 பெட்டியா? ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கப்பலகை 18 மி.மீ வீதம் இரண்டு போகும், பக்கவாட்டுச் சேனலுக்கு ஒரு பக்கம் 13 மி.மீ வீதம் 26 போகும், டிராயரின் சொந்தப் பக்கங்களுக்கு 15 வீதம் 30 போகும். ஆக ஒரு பெட்டிக்கு 92 மி.மீ நஷ்டம். ஒரே பெட்டி என்றால் உள்ளே 708 மி.மீ கிடைக்கிறது. இரண்டாகப் பிரித்தால் 308-ம் 308-ம், கூட்டினால் 616. மூன்று அடுக்கு டிராயருக்குச் சேனல் மூன்று ஜோடியா ஆறு ஜோடியா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலமான ஒன்றே லாபம். ஆனால் அதற்கு 40 கிலோ தாங்கும் என்று குறிப்பிட்ட, முழுதாக வெளியே வரும் பந்து உருளைச் சேனல் வேண்டும். வெள்ளைப் பெயிண்ட் அடித்த சக்கரச் சேனல் முக்கால் பங்குதான் வெளியே வரும், சுமார் 25 கிலோவுக்கு மேல் ஏற்றினால் மூக்கைக் கவிழ்க்கும். கரண்டி, துணி வைக்கும் மேல் டிராயருக்கு அது போதும்.

கடையிலேயே சோதிக்கலாம். டிராயரை முழுக்க இழுத்து, முன்மூலை ஒன்றில் கையை வைத்து அழுத்துங்கள். கீழே தணிவது பரவாயில்லை. பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம்.

பூட்டும் வேலை பெட்டிக்கு அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி வரை, முதல் பெட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கிட்டுகள் தோற்பது பெரும்பாலும் பவர் ஸ்குரூடிரைவரால். கேமின் ஆணியைத் தோள்பட்டை பலகையைத் தொடும் வரை கையால் திருகுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். கேமின் அம்புக்குறி வரும் ஆணியைப் பார்த்து நிற்க வேண்டும், பிறகு அரைச்சுற்றுக்குக் கொஞ்சம் கூட. எந்திரத்தால் சுற்றினால் பலகையின் உள்ளே தூள் நொறுங்கும், வெளியே எதுவும் தெரியாது, மூன்றாம் மாதம் பெட்டி ஆடத் தொடங்கும். மர முளைகளுக்கு வெள்ளைப் பசை விட்டுப் பூட்டினால் விறைப்பு நன்றாகக் கூடும். வாடகை வீடு, கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் பசையைத் தொடாதீர்கள்.

பின்பலகை அடிப்பதற்கு முன் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 2 மி.மீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் முனையைத் தட்டிச் சரிசெய்து, பிறகு ஒரு மூலையிலிருந்து ஆணி அடித்துக்கொண்டு போங்கள். இங்கே விட்ட கோணலைப் பிறகு எந்தக் கீலாலும் திருத்த முடியாது. கீலின் திருகுகள் மூன்று திசையிலும் சில மி.மீ நகர்த்தத்தான், பெட்டியை நேராக்க அல்ல.

நிறுத்தும்போது மேல்பெட்டியை முதலில் மாட்டுவது சௌகரியம், குனிந்து எட்ட வேண்டியதில்லை. மேடைக்கும் அதற்கும் நடுவே 50 முதல் 60 செ.மீ. சுவர் திடச்செங்கல் என்றால் சாதாரணப் பிளக்கும் திருகும் போதும். உள்ளே குழியான பிளாக் என்றால் அந்தப் பிளக் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. வலைக்குழாயும் ரசாயனப் பசையும் வேண்டும். ஜிப்சம் தடுப்பு என்றால் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடி அதில் மட்டும் அடியுங்கள். தட்டும் கிண்ணமும் நிறைந்த 60 செ.மீ மேல்பெட்டி 50 கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

கீழ்ப்பெட்டிக்குத் தரையின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். காலை நீட்டலாம், தரையைக் குறைக்க முடியாது. மேடை உயரம், நிற்பவரின் மடித்த முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ கீழே. மூலையில் இரண்டு வரிசை சந்திக்கும் இடத்தில் இருபக்கமும் 5 செ.மீ நிரப்புப்பட்டை விடாமல் வைத்தால் ஒரு டிராயரின் கைப்பிடி இன்னொன்றின் வழியை மறிக்கும். இந்தத் தவறு எல்லாம் முடிந்து கைப்பிடி மாட்டிய பிறகுதான் தெரியவரும். மூலைக்குச் சுழலும் தட்டு, வெளியே வழுக்கி வரும் கூடை என்று விற்கிறார்கள். பட்ஜெட் என்று வந்துவிட்டால் மூலையை மூடி மறந்துவிடுங்கள். அங்கே கிடைக்கும் இடத்துக்கு அந்த விலை அநியாயம்.

பக்கத்துப் பெட்டிகளைக் கிளாம்ப் போட்டு, முன்முகம் சமமா என்று விரலால் தடவிப் பார்த்து, பிறகே துளையிட்டு இணைக்க வேண்டும். மேடைக்கல் ஏறினால் திருத்த வழியில்லை. 20 மி.மீ கருங்கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ அளவில் வரும். கால்கள் தாங்கும், ஆனால் நான்கில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் பாரம் மீதி மூன்றுக்குப் போய்ப் பெட்டி முறுக்கும். ஒவ்வொரு காலையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

மேடைக்கு லேமினேட் ஒட்டிய பலகை போடுவதுதான் மலிவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிங்க் வெட்டை ஒழுங்காக மூடினால். நான்கு மூலையிலும் 10 மி.மீ துளை போட்டுக்கொண்டு, மேற்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பல் கீழ்நோக்கிய பிளேடு போட்ட ஜிக்சாவில் வெட்டினால் லேமினேட் சில்லுப் பெயராது. வெட்டுவாய் முழுக்கப் பாலியூரித்தேன் வார்னிஷ் அல்லது எபாக்ஸி இரண்டு கோட். முதல் கோட்டைப் பலகை உறிஞ்சிவிடும், மறுநாள் இரண்டாவது. அதன் மேல் சிலிக்கான், அதன் மேல் சிங்க். அவசரத்தில் சிலிக்கானை மட்டும் நம்பி உட்காரவைத்த சிங்க்கைச் சுற்றி மேடை உப்பினால் மேடையையே மாற்ற வேண்டும். டிஷ்வாஷர் இருந்தால் அதற்கு நேர் மேலே, மேடையின் அடிப்பக்கத்தில் அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள், ஆவி ஏறாது. கல் மேடை என்றால் வினிகர் வாடை வரும் சிலிக்கானைத் தவிர்த்து நியூட்ரல் வகை வாங்குங்கள். அந்த அமிலம் பளிங்கு போன்ற சுண்ணாம்புக் கல்லை அரிக்கும்.

சிங்க் பெட்டியின் பின்பலகையில் குழாய்க்குத் துளை போடும்போது குழாயைவிட 5 மி.மீ பெரிதாக, வட்டமாக வெட்டும் ஹோல்சாவில் போட்டு, அந்தத் துளையின் வாயையும் வார்னிஷால் மூடுங்கள். அடைப்பு வால்வுக்குக் கை போகிற இடம் விடுங்கள். கேஸ் இணைப்பும் மின்வயரும் உரிமம் உள்ளவர் வேலை, இதில் சிக்கனம் பேச்சே இல்லை.

யாருக்கு இது சரிவராது? சுவர் மூலை தொண்ணூறு பாகையில் இல்லாத பழைய வீடு, நடுவே தூண் நீட்டிக்கொண்டிருக்கும் சமையலறை, கிட்டில் கிடைக்கும் பெட்டி அகலங்களுக்குள் அடங்காத அளவுகள் இருந்தால் நிரப்புப்பட்டைகளிலேயே பாதி இடம் போய்விடும். அங்கே ஆள் வைத்துச் செய்வதே மேல். இருக்கும் பெட்டி உப்பாமல் திடமாக நின்றால் கிட்டே வேண்டாம். 35 மி.மீ துளை போட்ட புது ஷட்டரும் கீலும் மட்டும் வாங்கினால் பார்க்கிறவர்களுக்குப் புதுக் கிச்சன்தான். மற்றபடி நேரான சுவர், இரண்டு வார இறுதி, ஒரு ரசமட்டம், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் கிட்டுக்குத் தைரியமாகப் போகலாம். எல்லாப் பெட்டியையும் ஒரே தரத்தில் வாங்க வேண்டிய அவசியமில்லை. சிங்க் பெட்டிக்கு மட்டும் ஈரம் தாங்கும் பலகையோ கொதிநீர் தாங்கும் பிளைவுட்டோ, மற்றதற்குச் சாதாரணப் பலகை. வெளியே அதே ஷட்டர், உள்ளே என்ன பலகை என்று யாருக்கும் தெரியாது.

முடித்த அன்றைக்கே சிங்க் பெட்டியின் அடிப்பலகையில் உலர்ந்த டிஷ்யூ தாளை விரித்து, சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் வட்டமாகத் தெரிந்துவிடும். ஒரு வாரம் அந்தத் தாள் அங்கேயே கிடக்கட்டும்.